நிரப்பாத வட்டம்

2012 அக்டோபர் 6, சனி

காலையில் கடையைத் திறக்கப் போனால் கண்ணாடியில் பெரிய ஆரஞ்சு நிற அட்டை. 'வேண்டாம் என்று ஓட்டுப் போடுங்கள்' என்று கொட்டை எழுத்து. தீபாவளிச் சரக்கு வந்துவிட்டது என்று நான் எழுதி ஒட்டிய தாளை மறைத்துக்கொண்டு நின்றது. என் பெண் மேகலாவின் வேலை. நேற்று சாயங்காலம் மாவு எடுக்க வந்தவள், போகும்போது ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பிய்த்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் செருகினேன். கிழிக்கவில்லை. நல்ல தடிமனான அட்டை.

அடுத்த மாதம் ஆறாம் தேதி தேர்தல். ஜனாதிபதி ஓட்டோடு இந்த மினசோட்டா ஜனங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கிறார்கள். ஆணும் பெண்ணும் செய்துகொள்வது மட்டும்தான் கல்யாணம் என்று மாநிலத்தின் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிடலாமா? ஆம் என்று ஒரு வட்டம், வேண்டாம் என்று ஒரு வட்டம். ஊரெல்லாம் இதே பேச்சு.

சனிக்கிழமை கல்லாவில் மேகலாதான் உட்காருவாள். வாரமெல்லாம் ஆஸ்பத்திரியில் கை கால் விழுந்தவர்களை நடக்கப் பழக்குகிற வேலை. ஒருநாள் கடை.

"அட்டை எங்கம்மா?"

"என் கடைல கட்சி அட்டை கிடையாது."

"இது கட்சி இல்ல. என் விஷயம்."

"உன் விஷயத்த எதுக்குக் கண்ணாடில ஒட்டணும்? பருப்பு வாங்க வர்றவ பருப்ப வாங்கிட்டுப் போகட்டும்."

அதன் பிறகு அவள் வாடிக்கையாளர்களிடம் மட்டும் சிரித்தாள்.

சாயங்காலம் ஷுவா வந்து வண்டியிலேயே இருந்தாள். மேகலாவோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிற பெண். நர்ஸ். லாவோஸ் மலையிலிருந்து இங்கே வந்து குடியேறிய ஹ்மாங் ஜனங்கள். ஷுவாவின் அம்மா தோட்டம் போட்டு எனக்குக் கொத்தமல்லி, பாகல், பச்சை மிளகாய் கொடுக்கிறவள். ஒரு கோடை முழுக்க அந்த அம்மாவின் வேனை ஓட்டிக்கொண்டு வந்தவள்தான் ஷுவா. இறக்கி வைக்க மேகலா போவாள். கொத்தமல்லி இறக்க அவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். இப்போது ஒரு வீடு, ஒரு கார், ஒரு பூனை. நான் மேற்கொண்டு கேட்டதில்லை.

அக்டோபர் 9, செவ்வாய்

நெய் வந்துவிட்டது. அச்சு வெல்லம் இன்னும் சிகாகோவில் கிடக்கிறதாம்.

அக்டோபர் 14, ஞாயிறு

ஒரு தேவாலயத்து ஆள் வந்து 'ஆம்' துண்டுச் சீட்டு வைக்கலாமா என்று பணிவாகக் கேட்டார். அதே பணிவோடு முடியாது என்றேன். என் பெண்ணுக்கே முடியாது என்று சொன்னவள் நான்.

பெட்டி அம்மாள் வந்தார். பெட்டி என்பது அவர் பெயர்; முழங்கால் வலிக்கு மஞ்சள் தூள் வாங்குகிற வெள்ளைக்காரக் கிழவி. ஓட்டுச் சாவடியில் வருஷா வருஷம் வேலை பார்க்கிறவர். நான் எந்தப் பக்கமும் இல்லை, அந்தக் கேள்வியைத் தொடாமலே சீட்டைப் போட்டுவிடுவேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சட்டத்தை விளக்க ஆரம்பித்துவிட்டார். ஆம் என்று விழுந்தது, போட்ட மொத்தச் சீட்டில் பாதிக்கு மேல் இருக்கணுமாம். அதனால் நிரப்பாமல் விட்டால் அது என்னமோ என்றார். நான் வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன். சரியாகக் காதில் விழவில்லை.

இவர் கோயிலிலிருந்து மத்தியானம் வந்தார். கோயில் கமிட்டியில் இவர்தான் செயலாளர். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட முழுசாகப் படிக்கிற மனிதரை வேறு எதற்குப் போடுவார்கள்?

"எல்லாரும் ஆம்னு போடறதுன்னு பேசிக்கிறாங்க, சௌந்தரம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பிரசாதம் தீர்ந்துபோச்சுன்னேன்."

அக்டோபர் 20, சனி

இன்று கடையில் கூட்டமில்லை. மேகலா முந்திரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"வின்னிபெக்ல ஒரு ஆஸ்பத்திரில கூப்பிட்டிருக்காங்க. எனக்கு வேலை. ஷுவாவுக்கும் கிடைக்கும்."

"வின்னிபெக்னா கனடா."

"ஆமா. அங்க நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்."

அந்தச் சொல்லை அவள் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. நான் முந்திரியைப் பார்த்தேன். பாதி உடைசல். அனுப்பியவனை நாளைக்குக் கேட்கணும்.

"இங்க இது ஜெயிச்சுதுன்னா போயிடுவோம்மா. வேண்டாதவங்க ஊர்ல எதுக்கு இருக்கணும்? தேர்தல் முடிஞ்ச அடுத்த திங்கள், பன்னெண்டாம் தேதிக்குள்ள பதில் சொல்லணும்."

"சனிக்கிழமை கல்லால யாரு உக்காருவா?"

இதைத்தான் கேட்டேன். வேறு என்ன கேட்க? போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கொட்டகையில் கூலிக்கு உட்கார்ந்தவள் நான். இந்த ஊருக்கு வந்து, வீட்டில் கார் நிறுத்துகிற இடத்தில் கிரைண்டர் போட்டு மாவு விற்று, இந்தக் கடையை வைத்தேன். மாவுப் பையைக் கட்ட ரப்பர் பேண்ட் எடுத்துக் கொடுத்தவள் இவள். பல் விழுந்த வயசு.

"ஆள் போட்டுக்கோ" என்றாள்.

அக்டோபர் 24, புதன்

வின்னிபெக்கில் இட்லி அரிசி விற்கிற கடை உண்டா என்று மொத்த வியாபாரியிடம் விசாரித்தேன். வியாபாரத்துக்காகத்தான்.

அக்டோபர் 28, ஞாயிறு

கீரைக்காரம்மா வந்தாள். ஷுவாவின் அம்மாவை நான் அப்படித்தான் சொல்வது. தோட்டம் உறைந்துவிட்டது. பரங்கிக்காயும், பிளாஸ்டிக் கூடாரத்தில் வளர்த்த கொத்தமல்லியும் மட்டும். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருக்கிற இங்கிலீஷ் ஒரு கைப்பிடி. பேரத்துக்கு அது போதும்.

இன்று பேரம் பேசவில்லை. பரங்கிக்காய் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "உன் பொண்ணு, என் பொண்ணு, கனடா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் சிரித்தாள். "எனக்கு அந்தக் கோடைலயே தெரியும். ரெண்டும் ஒரே மிளகாயக் கடிச்சுக் கடிச்சுச் சாப்பிட்டுச்சு. என் வேன்ல."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"எங்க சொந்தக்காரங்கல்லாம் ஆம்னு போடச் சொல்றாங்க. நான் வேண்டாம்னு போடுவேன். நீ?"

"நான் வியாபாரி. எந்தப் பக்கமும் கிடையாது."

"நானும் வியாபாரி" என்றாள். "எனக்குப் பக்கம் உண்டு."

போகும்போது கொத்தமல்லி ஒரு கட்டு சும்மா வைத்துவிட்டுப் போனாள். இத்தனை வருஷத்தில் நடக்காத காரியம். எனக்கு எரிச்சலாக இருந்தது.

நவம்பர் 3, சனி

மேகலா வந்தாள், உட்கார்ந்தாள், போனாள். சாமான் பேச்சு மட்டும்.

இரவு கடையை மூடும்போது இவர் சொன்னார்: "நான் ஆம்னு போட்டுடலாம்னு இருக்கேன். அப்படியே இருக்கட்டும்னு தோணுது. நாலு பேரு கேட்டா பொய் சொல்ல வராது எனக்கு."

எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. கோபமாகப் பேசினால் இவர் வீம்பாகிவிடுவார். அரிசி மூட்டை விற்கிறவனிடம் விலை பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினேன்.

"நீங்க ஆம் போட்டா நான் வேண்டாம் போடுவேன். ரெண்டும் கழிஞ்சு போகும். எதுக்கு அந்த வேலை? நீங்களும் தொடாதீங்க, நானும் தொடல. யாராவது கேட்டா, நாங்க எதுலயும் இல்லன்னு சொல்லலாம். பொய்யும் இல்ல."

"சத்தியமாத் தொடமாட்டியா?"

"கல்லா மேல சத்தியம்" என்று கல்லாப் பெட்டியில் கையை வைத்தேன். இதைவிடப் பெரிய சத்தியம் எங்கள் வீட்டில் கிடையாது. அவரும் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை.

சண்டை வேண்டாமென்றுதான் இந்த ஏற்பாடு. வேறொன்றும் இல்லை.

நவம்பர் 6, செவ்வாய்

இப்போது விடியப் போகிறது. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

காலையில் அடையாள அட்டை, கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் சாவடி. பெட்டி அம்மாள் சீட்டு கொடுத்தார். அவர் அங்கே என்னைத் தெரிந்தமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. வேலையென்றால் அப்படித்தான் இருக்கணும்.

சீட்டு பாய் மாதிரி நீளம். மற்றதையெல்லாம் நிரப்பினேன். அந்தக் கேள்விக்கு மேலே பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்குப் பொடி எழுத்து தெரியாது. இரண்டு வட்டத்தையும் வெறுமையாக விட்டேன். சத்தியம் சத்தியம்தான்.

பக்கத்துத் தடுப்பில் இவர் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். வெளியே வந்ததும், "இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?" என்றேன்.

"படிச்சேன்" என்றார்.

'ஓட்டுப் போட்டேன்' என்கிற சிவப்பு ஒட்டுச் சீட்டைச் சட்டையில் ஆளுக்கொன்று ஒட்டிக்கொண்டு கடைக்குப் போனோம்.

தானும் ஷுவாவும் செயின்ட் பால் நகரத்தில் ஒரு மண்டபத்தில் முடிவு பார்க்கக் கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பதாக மேகலா செய்தி அனுப்பியிருந்தாள். எனக்குத் தீபாவளி ஆர்டர் மாவு இருந்தது. வீட்டில்தான் அரைத்தேன். அரைக்கிற இடத்திலிருந்து டிவி தெரிகிற மாதிரி கதவைத் திறந்து வைத்தேன். காற்றுக்காக.

முதலில் நகரத்துக் கணக்கு வந்தது. வேண்டாம் நல்ல தூரம் முன்னால் நின்றது. உளுந்து பஞ்சாகப் பொங்கியது. பிறகு வடக்கு, மேற்குப் பக்கத்துச் சோள நாட்டுக் கணக்கு வர வர, இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. ஜனாதிபதி முடிவு வந்ததை நான் கவனிக்கவே இல்லை. இவர் சோபாவில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே பக்கம். திருப்பவே இல்லை.

கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தேன். மேகலா போய்விட்டால் சனிக்கிழமைக்கு ஆள் கிடைக்கும். கல்லாவில் உட்கார்ந்து முந்திரியைத் திருடித் தின்ன ஆள் கிடைக்காது.

அப்போதுதான் டிவிக்காரர் சொன்னார்: "இன்னொன்றையும் நேயர்கள் கவனிக்கவேண்டும். இந்தக் கேள்வியை நிரப்பாமல் விட்டவர்களின் ஓட்டும் வேண்டாம் கணக்கில்தான் சேரும்."

நான் டிவியையே பார்த்தேன். இவரும் டிவியையே பார்த்தார். அடுத்து மருந்து விளம்பரம் வந்தது. அதையும் இரண்டு பேரும் உன்னிப்பாகப் பார்த்தோம்.

"காப்பி போடட்டுமா?" என்றார் இவர்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. பால் பொங்கி ஊற்றி, சர்க்கரை இல்லாமல் ஒரு காப்பி வந்தது. குடித்தேன்.

வெகுநேரம் கழித்து அறிவித்தார்கள். தோற்றுவிட்டது. அரசியல் சட்டத்தில் எழுதமாட்டார்கள். திரையில் ஜனங்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதில் மேகலா தெரிகிறாளா என்று கிட்டே போய்த் தேடினேன். தெரியவில்லை. போன் வந்தது. அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.

"அம்மா, பார்த்தியா?"

"மாவு அரைச்சுக்கிட்டு இருந்தேன். டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"அம்மா."

"சரி, சரி. பனி பெய்யப் போகுது, மெதுவா ஓட்டிட்டுப் போங்க ரெண்டு பேரும்."

நவம்பர் 7, புதன்

பழைய மைசூர்பாகு கொஞ்சம் மீந்திருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தேன். பழசா என்று எவரும் கேட்கவில்லை. உண்மையில் அது நேற்றுப் போட்டதுதான்.

நவம்பர் 9, வெள்ளி

சாயங்காலம் மேகலா வந்தாள். நல்ல முகமாக வருவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப வின்னிபெக் இல்லையே?"

"தெரியலம்மா. இப்பவும் இங்க கல்யாணம் பண்ணிக்க முடியாது. பழைய சட்டம் அப்படியேதான் இருக்கு. கதவச் சுவர் வச்சு அடைக்கல, அவ்வளவுதான். திறக்க இன்னும் வருஷம் ஆகலாம்."

"ஆகட்டும். காத்திருக்கலாமே."

"காத்திருக்கலாம். எதுக்கு, யாருக்காகன்னு தெரியணும்ல." கையிலிருந்த சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "நீ என்ன ஓட்டுப் போட்ட?"

"நிரப்பாம விட்டேன். உங்கப்பாவும்தான். அது வேண்டாம் கணக்குலதான் சேருமாம். ரெண்டு ஓட்டு." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். இவரை எப்படி வளைத்தேன் என்றும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.

"அது கணக்கும்மா. கணக்கு நீ நல்லாப் போடுவ, எனக்குத் தெரியும். ஊரெல்லாம் முகம் தெரியாதவங்க எனக்காக ஒரு வட்டத்தக் கறுப்பாக்கிட்டுப் போயிருக்காங்க. எங்கம்மா அதச் சத்தியம் பண்ணித் தொடாம இருந்திருக்கா."

"பலன் ஒண்ணுதானே?"

"ஷுவா வண்டியில இருக்கா. இத்தன வருஷமா வண்டியிலதான் இருக்கா. நீ ஒரு தடவையாவது உள்ள வான்னு சொன்னியா?"

வெளியே எட்டிப் பார்த்தேன். வண்டிக் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. உள்ளே விரலால் யாரோ சின்ன வட்டமாகத் துடைத்துக்கொண்டு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலுக்குப் போவதற்குள் மேகலா ஏறிவிட்டாள்.

நவம்பர் 10, சனி

மேகலா வரவில்லை. கல்லாவில் நான் உட்கார்ந்தேன். மூன்று பேருக்கு மீதி தப்பாகக் கொடுத்தேன்.

நவம்பர் 12, திங்கள்

நாளை தீபாவளி. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கால் வைக்க இடமில்லை. இன்றைக்குத்தான் மேகலா வின்னிபெக்குக்குப் பதில் சொல்லவேண்டிய நாள். இரண்டு நாளாகப் போன் இல்லை.

நாலு மணிக்குப் பின் கதவு வழியாகக் கொத்தமல்லிப் பெட்டிகளோடு ஷுவா வந்தாள். கீரைக்காரம்மாவின் வேன் மக்கர். "எங்க வைக்க, ஆன்ட்டி?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்தவள், நான் சொல்லாமலே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பைகளில் சாமானை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். கனமானது அடியில், அப்பளம் மேலே. சொல்லிக் கொடுத்தாலும் பலருக்கு இது வராது.

வரிசையில் முன்னால் கனகவல்லி அக்கா. கோயில் தலைவர் வீட்டம்மா. கூடை நிறைய நெய்யும் முந்திரியும். ஷுவாவை மேலும் கீழும் பார்த்தார்.

"புதுசா ஆள் போட்டிருக்கியா, சௌந்தரம்? சைனாக்காரப் பொண்ணா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வரிசை நகரும். அவர் கேட்டதற்கு ஒரு பொய்கூட வேண்டாம், சும்மா சிரித்தாலே போதும். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக வரும். வாயைத் திறந்தேன். எதிர்வரிசையில் வெல்லம் அடுக்கிக்கொண்டிருந்த இவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேலைக்காரி இல்லக்கா. இது ஷுவா. இதுவும் எங்க மேகலாவும் சேர்ந்து குடும்பம் நடத்துறாங்க. எனக்கு மருமக. நாளைக்கு எங்க வீட்ல தலை தீபாவளி."

குரல் கொஞ்சம் பெரிசாகவே வந்துவிட்டது. கனகவல்லி அக்கா கூடையைக் கல்லா மேல் வைத்தார். எதுவும் எடுக்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். இரண்டு பேர் அவர் பின்னாலேயே போனார்கள்.

பிறகு அடுத்து நின்ற பெண் கழுத்தை நீட்டினாள். "ஆன்ட்டி, அந்த நெய் அவங்களுக்கு வேண்டாமா? உள்ள தீர்ந்துபோச்சுன்னாங்க. எனக்குப் போட்டுடுங்க."

வரிசை நகர்ந்தது.

ஷுவாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மேகலா பெயரும் அவள் பெயரும் காதில் விழுந்திருக்கிறது. காது மடல் சிவந்திருந்தது. கூட்டம் குறைந்ததும் கேட்டாள்: "மருமக என்றால் என்ன?"

"நாளைக்கு விடியறதுக்கு முந்தி வீட்டுக்கு வா. தலைல எண்ணெய் வைக்கணும். அதுதான் அர்த்தம்."

இரவு மேகலா கூப்பிட்டாள். "ஷுவா என்னவோ சொல்றா. கடைல ஏதோ சொன்னியாம்."

"சொன்னேன்."

"யாரு முன்னாடி?"

"கனகவல்லி முன்னாடி. வாசல் வரைக்கும் வரிசை."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"வின்னிபெக்குக்குப் பதில் எழுதிட்டியா?" என்றேன்.

"இப்பத்தான் எழுதப் போறேன். அம்மா, அதிரசம் சுட்டியா?"

நவம்பர் 13, செவ்வாய், தீபாவளி

இருட்டோடு வந்துவிட்டார்கள். கீரைக்காரம்மாவும் வந்திருந்தாள், கையில் ஒரு பரங்கிக்காயோடு. வின்னிபெக்குக்கு 'வரவில்லை, நன்றி' என்று நேற்றே எழுதி அனுப்பிவிட்டாளாம் மேகலா. எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். "நல்லது" என்று மட்டும் சொன்னேன்.

கூடத்தில் புதுக் கம்பளம். எண்ணெய் சிந்தினால் போகாது. எதை விரிப்பது என்று தேடும்போது, இவர் கடையிலிருந்து எடுத்துக் கடை வேனில் போட்டு வைத்திருந்த அந்த ஆரஞ்சு அட்டையைக் கொண்டுவந்து விரித்தார். அரிசி மூட்டைக்குப் பின்னால் அது இருப்பது இவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அட்டை மேல் இரண்டு மணை போட்டு உட்காரவைத்தேன். மேகலா தலையில் வைத்தேன். ஷுவா தலையில் வைத்தேன். வழிந்த நல்லெண்ணெயெல்லாம் அட்டையில் சொட்டியது. நல்ல தடிமன் என்று நான் அன்றைக்கே எழுதியிருக்கிறேன்.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு வேட்டியா, மருமகளுக்குச் சேலையா, எதை எடுப்பதென்று இவருக்கு ராத்திரியெல்லாம் குழப்பம். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கம்பளிச் சட்டை. பனிக்கு அதுதான் சரி.

அவர்கள் குளிக்கப் போனதும் கேட்டார்: "ஓட்டுப் போடப் போனப்ப கண்ணாடி கொண்டுபோனியா நீ?"

"மறந்துட்டேன்."

"உன் கைப்பையிலதான இருந்துச்சு."

"நீங்க அங்க போய்த்தான் படிச்சீங்களா, இல்ல முன்னாடியே தெரியுமா?"

"மாதிரிச் சீட்டு செப்டம்பர்லயே தபால்ல வந்துச்சே" என்றார் இவர். "எல்லாத்தையும் முழுசாப் படிச்சிடணும், சௌந்தரம்."

கனகவல்லி அக்காவிடமிருந்து இவருக்குப் போன் வரவில்லை. கமிட்டியில் கேட்பார்கள். கேட்கட்டும். இந்த மாதிரி நெய் அவருக்கு வேறெங்கும் கிடைக்காது, வருவார் என்று ஒரு நம்பிக்கை. வராவிட்டால் அடுத்த பெண் வாங்கிக்கொள்வாள்.

கடை இன்று பத்து மணிக்கு. கல்லாவில் மேகலா. கீரைக்காரம்மா தீபாவளி லேகியத்தை மிட்டாய் மாதிரி கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் மருமகள் ஒரு வாய் வைத்துவிட்டு ஓடிப்போய்த் துப்பினாள்.